கால்குலேட்டரைத் திட்டாதீர்கள், சொல்லிக்கொடுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். முதல் நாலு வரி படித்துவிட்டு "அருமை டீச்சர்" என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. "அந்தக் காலத்தில் வாய்ப்பாடு சொன்னோம், லாக் புக் புரட்டினோம், மூளை கூர்மையாக இருந்தது. கால்குலேட்டர் வந்தது, பிள்ளைகள் கெட்டுப்போனார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கமே அதை விடக் கூடாது" என்று. அதற்குக் கீழே கும்பிடுகிற கைகளும் கைதட்டல்களுமாக வரிசை கட்டி நின்றன. கைதட்டியவர்களில் பாதிப் பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். மீதிப் பேர் எனக்கு அத்தான், மதினி, சித்தப்பா முறை. அங்கே பதில் சொன்னால் அடுத்த கல்யாண வீட்டில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். எப்படியும் படித்துவிடுவார்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கால்குலேட்டர் எந்தப் பிள்ளையையும் கெடுக்கவில்லை. பன்னிரண்டு வருடம் அதைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்து, பதிமூன்றாம் வருடம் "இந்தா, உனக்குத் தெரிந்திருக்கும்" என்று கையில் கொடுக்கிறோமே, அதுதான் கெடுக்கிறது. அதிலும் அடிபடுவது நம் ஊர்ப் பிள்ளைகள்தான்.

ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், கல்லூரியும் வேண்டாம். அப்பா வாழைத்தார் ஏற்றி இறக்குகிற வேலை. அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். பிளஸ் டூ கணக்கில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் குறைவு. பொறியியல் சேர்ந்து, முதல் உள்தேர்வு. ஒரு பந்தை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், 30 பாகைச் சாய்வில் எறிந்தால் எவ்வளவு தூரம் போய் விழும் என்று கேள்வி. சூத்திரம் தெரியும். வேகத்தின் வர்க்கம் 400, அதை இரண்டு மடங்கு கோணத்தின் சைனால், அதாவது சைன் 60-ஆல் பெருக்கி, 9.8-ஆல் வகுக்க வேண்டும். சீனியர் அக்காவிடம் இரவல் வாங்கிய கால்குலேட்டரில் அமுக்கினாள். மைனஸ் 12.44 என்று வந்தது.

முன்னால் எறிந்த பந்து பின்னால் போய் விழுமா? அவளுக்கும் அது தெரியும். மறுபடி அமுக்கினாள். அதே விடை. சூத்திரத்தைத் திரும்ப வருவித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது முறை அமுக்கினாள். இருபது நிமிடம் போனது. அந்தத் தேர்வில் தோல்வி. வீட்டுக்கு வந்து என்னிடம் அழுதபோது சொன்னாள், தாளைத் திருப்பிக் கொடுத்தவர் "ஸ்டேட் போர்டா?" என்று மட்டும் கேட்டாராம்.

விஷயம் இவ்வளவுதான். அந்த மெஷின் ரேடியனில் கிடந்தது. 60 பாகை என்று அவள் நினைத்தாள், 60 ரேடியன் என்று அது எடுத்துக்கொண்டது. பாகையில் வைத்திருந்தால் 35.35 மீட்டர் என்று சரியாக வந்திருக்கும். ரேடியன் என்றால் என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், பதினொன்றாம் வகுப்பிலேயே படித்தாயிற்று. திரையின் மேல் ஓரத்தில் எறும்பு மாதிரி ஓர் எழுத்து இருக்கும், அதை முதலில் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

இந்தப் பிள்ளையின் மூளை மழுங்கிவிட்டதா? விடை தப்பு என்று கண்டுபிடித்ததே அவள் மூளைதான். அவளுக்குக் குறைந்தது அரை மணி நேரப் பாடம். அந்தப் பாடத்தை நாம் நடத்தவில்லை.

இப்போது "லாக் புக் காலமே காலம்" என்கிற என் அத்தான்மார்களுக்கு ஒரு வார்த்தை.

லாக் புக்கில் இருக்கும் எண்களை நீங்களா கண்டுபிடித்தீர்கள்? ஸ்காட்லாந்துக்காரர் நேப்பியர் 1614-இல் மடக்கையை வெளியிட்டார். அதைப் பத்தடிமானத்துக்கு மாற்றி, பிரிக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1624-இல் பதினான்கு தசம இடம் வரைக்கும் கணக்கிட்டுப் புத்தகமாகப் போட்டார். ஒரு மனிதர் வருடக்கணக்கில் உட்கார்ந்து போட்ட கணக்கை நாம் விரலை ஓட்டி எடுத்துக்கொண்டோம். பக்கம் புரட்டினால் உழைப்பு, பட்டன் அமுக்கினால் சோம்பேறித்தனமா? இரண்டிலும் கணக்கை வேறொருவர்தான் போட்டு வைத்திருக்கிறார்.

கால்குலேட்டரின் வயிற்றுக்குள்ளும் ஒரு சின்ன அட்டவணைதான் இருக்கிறது. சைன், காஸ் மதிப்புகளைக் கூட்டலையும் இடம் தள்ளுவதையும் மட்டும் வைத்துக் கண்டுபிடிக்கும் ஒரு முறையை ஜாக் வோல்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1959-இல் வெளியிட்டார். விமானத்துக்கு வழிகாட்டும் கருவிக்காக யோசித்தது அது. குறிப்பிட்ட சில கோணங்களின் பட்டியலை நினைவில் வைத்துக்கொண்டு, கேட்ட கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி நெருங்கும். 1972-இல் எச்.பி. நிறுவனம் சட்டைப் பைக்குள் அடங்கும் முதல் சயின்டிபிக் கால்குலேட்டரை 395 டாலருக்கு விற்றபோது அதற்குள் இருந்தது இந்த வழிதான். நம் கிளார்க்ஸ் டேபிளும் அதுவும் பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பின்னால் போவோம். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்தவர்கள் நம் கொள்ளுத் தாத்தாக்கள். இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி. அரைக்காணியை முக்காலால் பெருக்கு என்றால் வாயால் சொல்வார்கள். அவர்கள் வந்து உங்களைப் பார்த்தால் "முந்திரி வாய்ப்பாடு தெரியாத முட்டாள்கள்" என்பார்கள். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது, பதினாறு அணா கணக்கை விரல் நுனியில் வைத்திருந்த நம் பெரியவர்கள் "இனி எவனுக்கும் கணக்கு வராது" என்றுதான் பேசினார்கள். அணா போனது. கணக்கு போய்விட்டதா? அதற்குப் பிறகு பிறந்தவர்கள்தானே நீங்கள் எல்லாரும்?

நம் கடற்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. முத்தின் விலை எடைக்கு நேராக ஏறாது. எடையின் வர்க்கத்தை வைத்து மதிப்புப் போடுவார்கள். ஒரு முத்து இன்னொன்றைவிட இரண்டு மடங்கு எடை என்றால் விலை நான்கு மடங்குக் கணக்கு. அந்த வியாபாரியின் மதிப்பு, வர்க்கம் எடுக்க வேண்டும் என்று தெரிந்ததிலும், எந்த முத்து எந்தத் தரம் என்று பார்த்ததும் சொல்வதிலும் இருந்தது. பெருக்கல் அவருக்குப் பின்னால் வருகிற வேலை. நம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். எதை எதனால் பெருக்குவது என்று தெரிந்துகொள்வது கணக்கு. பெருக்கித் தருவதை மெஷின் செய்யட்டும்.

"சரி டீச்சர், பட்டன் அமுக்குவதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிறேன். கையில் இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். நம் ஊர்களில் அதிகம் கிடைப்பது கேசியோ எஃப்எக்ஸ்-82 எம்எஸ், எஃப்எக்ஸ்-991 எம்எஸ், 991 இஎஸ் வகைகள். அவற்றை வைத்தே சொல்கிறேன்.

1. கடைக் கால்குலேட்டர் வேறு, இது வேறு.

பலசரக்குக் கடையில் இருக்கும் கால்குலேட்டரில் 2 + 3 × 4 என்று அமுக்குங்கள். பெரும்பாலும் 20 காட்டும். அமுக்குகிற வரிசையில் அது கணக்கை முடித்துக்கொண்டே போகும். சயின்டிபிக் கால்குலேட்டரில் அதையே அமுக்கினால் 14. அது பெருக்கலை முதலில் செய்யும். பாடத்தில் நாம் சொல்லிக்கொடுத்த விதி அதற்குத் தெரியும். கடைக் கால்குலேட்டரில் பழகிய பிள்ளை, இதையும் அப்படியே நினைத்துக்கொண்டு அமுக்கினால் விடை வேறாகத்தான் வரும். எந்த மெஷின் எப்படி நினைக்கிறது என்று தெரிய வேண்டாமா?

2. முதலில் திரையைப் பார்.

மேலே சின்னதாக டி, ஆர், ஜி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்று இருக்கும். டி என்றால் பாகை, ஆர் என்றால் ரேடியன், ஜி என்றால் செங்கோணத்தை நூறாகப் பிரிக்கும் கிரேடியன். சைன் 30 அமுக்கிப் பாருங்கள். 0.5 வந்தால் பாகை. மைனஸ் 0.988 வந்தால் ரேடியன். 0.454 வந்தால் மூன்றாவது. 82 எம்எஸ்-இல் மோட் பட்டனை இரண்டு முறை அமுக்கி 1 தட்டினால் பாகைக்கு வரும். 991 எம்எஸ்-இல் அதே பட்டியல் வரும்வரை மோட் பட்டனை இன்னும் சில முறை அமுக்க வேண்டும். இஎஸ் வகையில் ஷிப்ட், மோட் அமுக்கினால் பட்டியல் வரும். தேர்வறையில் உட்கார்ந்ததும் பேர் எழுதுவதற்கு முன்னால் சைன் 30 போட்டுப் பார். இந்த ஒரு பழக்கம் போதும், நான் மேலே சொன்ன பிள்ளை பாஸாகியிருப்பாள்.

இரவல் மெஷின் என்றால் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடு. எம்எஸ் வகையில் ஷிப்ட், மோட், 3, பிறகு சமக் குறி. இஎஸ் வகையில் ஷிப்ட், 9, 3, பிறகு சமக் குறி.

3. பத்தின் அடுக்கு.

இதில் போகிற மதிப்பெண் கொஞ்சநஞ்சமில்லை. அவகாட்ரோ எண்ணைப் போட 6.02 அமுக்கி, இ-எக்ஸ்-பி என்று எழுதிய பட்டனை அமுக்கி, 23 அமுக்க வேண்டும். இஎஸ் வகையில் அந்தப் பட்டன் மேல் ×10 என்றே எழுதியிருக்கும். அந்தப் பட்டனுக்குள்ளேயே "பத்தின் அடுக்கு" இருக்கிறது. பிள்ளைகள் 6.02 × 10 என்று அமுக்கிவிட்டு அந்தப் பட்டனையும் அமுக்குவார்கள். விடை பத்து மடங்கு.

அந்தப் பட்டனே தெரியாத பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம். ஒளியின் அலைநீளம் கொடுத்து ஆற்றல் கேட்பார்கள். பிளாங்க் மாறிலியை ஒளியின் வேகத்தால் பெருக்கி, 5 × 10-இன் அடுக்கு மைனஸ் 7-ஆல் வகுக்க வேண்டும். வகுத்தல் குறி போட்டு, 5 போட்டு, பெருக்கல் குறி போட்டு, 10-இன் அடுக்கு மைனஸ் 7 என்று நீளமாக அமுக்கினால் என்ன ஆகும்? 5-ஆல் மட்டும் வகுத்துவிட்டு, 10-இன் அடுக்கு மைனஸ் 7-ஆல் பெருக்கிவிடும். சரியான விடை 3.98 × 10-இன் அடுக்கு மைனஸ் 19 ஜூல். மெஷின் காட்டுவது 10-இன் அடுக்கு மைனஸ் 33. பதினான்கு சுழியம் தப்பு! எண்கள் அதே 3, 9, 8 என்று வருவதால் பிள்ளைக்குச் சந்தேகமும் வராது. கீழே இருக்கும் எண்ணை அடைப்புக்குள் போடு, அல்லது அடுக்குப் பட்டனைப் பயன்படுத்து. ஒரே வரி. யார் சொன்னார்கள்?

4. அடைப்புக்குறி, மைனஸ்.

மைனஸ் 3 போட்டு வர்க்கம் அமுக்கினால் மைனஸ் 9 வரும். அடைப்புக்குள் மைனஸ் 3 போட்டு வர்க்கம் அமுக்கினால் 9. இரண்டும் சரியே. நீ கேட்ட கேள்விதான் வேறு. அதே மாதிரி, 82 எம்எஸ்-இல் 1 ÷ 2π என்று பெருக்கல் குறி இல்லாமல் போட்டால் 0.159. 1 ÷ 2 × π என்று குறியோடு போட்டால் 1.571. பெருக்கல் குறியை விட்டுவிட்டால் 2π-ஐ ஒரே கட்டாக எடுத்துக்கொள்கிறது அந்த மெஷின். சந்தேகம் வந்தால் அடைப்பு போடு. அடைப்பு போடக் காசு கேட்கமாட்டார்கள் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

5. பாகை, கலை, விகலை.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது மிகவும் வேண்டும். துறைமுகம், கப்பல், நில அளவை என்று வேலைக்குப் போகிறவர்கள் நீங்கள். தூத்துக்குடி ஏறக்குறைய 8 பாகை 46 கலை வட அட்சத்தில் இருக்கிறது. இதை 8.46 என்று அமுக்கிவிடுகிறார்கள். ஒரு பாகைக்கு அறுபது கலை, நூறு இல்லை. சரியான எண் 8.77. வித்தியாசம் 0.3 பாகை. அட்சத்தில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 34 கிலோமீட்டர். தூத்துக்குடிக்கு வர வேண்டிய கப்பலைத் திருச்செந்தூருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருப்பாய். இதற்கென்றே பாகை, கலைக் குறிகள் போட்ட ஒரு பட்டன் மெஷினில் இருக்கிறது. 8 அமுக்கி அந்தப் பட்டன், 46 அமுக்கி அந்தப் பட்டன். மணி, நிமிடக் கணக்குக்கும் அதே பட்டன்தான்.

6. சராசரி, திட்டவிலக்கம்.

புள்ளியியல் மோடில் போட்டுத் தரவுகளை உள்ளே அனுப்பினால் எல்லாவற்றையும் அதுவே தரும். ஆனால் திட்டவிலக்கம் இரண்டு காட்டும். ஒன்று, மொத்த எண்ணிக்கையால் வகுப்பது. இன்னொன்று, எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுப்பது. 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எட்டு எண்களுக்கு முதலாவது 2, இரண்டாவது 2.14. எது வேண்டும் என்று மெஷின் சொல்லாது. முழுத் தொகுதியும் கையில் இருந்தால் முதலாவது. கொஞ்சம் மாதிரி எடுத்து முழுத் தொகுதியை ஊகிக்கிறாய் என்றால் இரண்டாவது. இதைச் சொல்ல கணக்கு தெரிந்த ஆள் வேண்டும்.

7. நடுவில் சுருக்காதே.

1-ஐ 3-ஆல் வகுத்து 0.33 என்று தாளில் எழுதிக்கொண்டு, பிறகு அதை 3000-ஆல் பெருக்கினால் 990. பத்து ரூபாய் எங்கே போனது? விடையை மெஷினிலேயே வைத்துக்கொண்டு ஆன்ஸ் பட்டனால் தொடர வேண்டும். சுருக்குவதைக் கடைசி வரியில் வைத்துக்கொள்.

8. எல்லாவற்றுக்கும் மேலே, அமுக்குவதற்கு முன் மனதில் ஒரு விடை.

19.8 × 51 என்றால், இருபது ஐம்பது ஆயிரம், அதற்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று முதலில் வாயால் சொல். பிறகு அமுக்கு. 1009.8 வந்தால் சரி. 10098 வந்தால் புள்ளியை விட்டுவிட்டாய். இதைச் செய்கிற பிள்ளையை எந்த மெஷினும் ஏமாற்ற முடியாது. வாய்ப்பாடு இதற்குத்தான் வேண்டும். வாய்ப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று நான் எப்போதும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லமாட்டேன்.

இந்த எட்டையும் பாருங்கள். இதில் எது வெறும் பட்டன் வேலை? செயல்களின் வரிசை, கோண அளவு, அடுக்கு விதி, குறி, மாதிரிக்கும் தொகுதிக்கும் வித்தியாசம், தோராயம். எல்லாமே கணக்கு. கால்குலேட்டரை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் பாதிக் கணக்குப் பாடத்தைத் திருப்பிச் சொல்லிக்கொடுத்த மாதிரி.

இனி ஊர் நியாயத்துக்கு வருகிறேன்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் கணக்குப் பொதுத் தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. அதே வயதுப் பிள்ளை ஐ.எஸ்.சி. பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதினால் நான் மேலே சொன்ன அந்த 82 எம்எஸ்-ஐயே கொண்டுபோகலாம். ஐ.பி. பள்ளிகளில் வரைபடம் போடுகிற கால்குலேட்டரே கட்டாயம். சிங்கப்பூரில் இருக்கும் நம் சொந்தக்காரர்களைக் கேளுங்கள். அங்கே 2009-இல் இருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே பொதுத் தேர்வின் கணக்கு இரண்டாம் தாளில் கால்குலேட்டர் வைத்து எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வில் கணக்குக்கு மூன்று தாள். ஒன்றில் கால்குலேட்டர் கூடாது, இரண்டில் உண்டு. எவ்வளவு நல்ல ஏற்பாடு! கையாலும் போடத் தெரிய வேண்டும், கருவியாலும் போடத் தெரிய வேண்டும்.

நீட் தேர்விலும் ஜே.இ.இ. தேர்விலும் கால்குலேட்டர் இல்லையே என்று என்னை மடக்கப் பார்ப்பீர்கள். உண்மை. அதனால்தான் கையால் போடுவதையும் விடாதே என்கிறேன். ஆனால் அந்த வாசலைத் தாண்டிய மறுநாள் என்ன? பொறியியல் கல்லூரித் தேர்வுகளில் நிரல் எழுத முடியாத சயின்டிபிக் கால்குலேட்டருக்கு அனுமதி. கேட் தேர்வில் கணினித் திரையிலேயே கால்குலேட்டர் காட்டுகிறார்கள், சுட்டியால் அமுக்கிப் போட வேண்டும். அங்கே போகும்போது பணக்காரப் பள்ளிப் பிள்ளைக்கு இது இரண்டு மூன்று வருடப் பழக்கம். நம் பிள்ளைக்கு முதல் நாள். தேர்வு ஒன்றுதான், கேள்வி ஒன்றுதான். ஆனால் ஒருவன் ஓட்டத்தை ஐம்பது அடி தள்ளித் தொடங்குகிறான். பிறகு "கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது" என்று ஒரு பேச்சு. இதைக் கேட்டு எனக்கு எத்தனை நாள் ராத்திரி தூக்கம் போயிருக்கிறது தெரியுமா?

தடை போட்டவர்களுக்கு வசதியாக நம் பாடப் புத்தகக் கணக்குகளும் வளைந்து கொடுக்கின்றன. உயரமும் தூரமும் பாடத்தில் பெரும்பாலும் 30, 45, 60 பாகைதான். நம் ஆதிநாதர் கோயில் கோபுரத்தைத் தெருவில் எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் இந்த மூன்று கோணம் மட்டுமா வரும்? 37 வரும், 52 வரும். நிஜமாக அளக்கிற பிள்ளைக்கு நிஜமான எண் வரும். அதைப் போட ஒரு கருவி வேண்டும். கருவி இல்லாததால் நாம் உலகத்தையே மூன்று கோணத்துக்குள் சுருக்கிவிட்டோம்.

போன் இருக்கிறதே, எதற்குத் தனியாக ஒன்று என்பவர்களுக்கு: போனைத் தேர்வறைக்குள் விடமாட்டார்கள். அது போக, கணக்குப் போட எடுத்த போன் கணக்கோடு நிற்காது என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டிலேயே பார்க்கிறீர்கள். கால்குலேட்டரில் ரீல்ஸ் வராது.

பாதுகாப்பாகச் சொல்லிக்கொடுக்க ஒரு வழியும் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு வரை கையும் மனமும் மட்டும். வாய்ப்பாடு, பின்னம், தசமம் எல்லாம் ஊறட்டும். ஒன்பதில் கால்குலேட்டரை அறிமுகம் செய்யுங்கள், வாரம் ஒரு பீரியட் போதும். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் இயற்பியல், வேதியியல் செய்முறை வகுப்பில் தாராளமாகப் பயன்படுத்தட்டும். பொதுத் தேர்வில் ஒரு பகுதி கால்குலேட்டர் இல்லாமல், ஒரு பகுதி கால்குலேட்டரோடு. புத்தகப் பையும் ஜியாமெட்ரி பாக்ஸும் அட்லஸும் விலையில்லாமல் தருகிற அரசு நம்முடையது. மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்த மாநிலம் இது. அந்தப் பட்டியலில் ஒரு கால்குலேட்டரைச் சேர்ப்பது பெரிய காரியமா?

அதுவரை காத்திருக்க வேண்டாம். மக்கா, உங்களிடம் நான் கேட்பது மூன்று.

ஒன்று. வெளிநாட்டிலும் சென்னை, பெங்களூரிலும் இருக்கிற என் மாணவர்களே, ஊருக்கு வரும்போது சால்வையும் பேரீச்சம்பழமும் எனக்கு வேண்டாம். நீங்கள் படித்த பள்ளிக்கு ஐந்து கால்குலேட்டர் வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பழகிக்கொள்வார்கள். கல்லூரி முடித்தவர்கள் மேஜை டிராயரில் சும்மா கிடப்பதையும் கொடுக்கலாம். பேட்டரியைப் பார்த்துக் கொடுங்கள்.

இரண்டு. என் மாணவர்களில் ஆசிரியர் ஆனவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பிளஸ் டூ தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை பிள்ளைகள் சும்மாதான் இருக்கிறார்கள். மேலே உள்ள எட்டையும் நாலு நாளில் நடத்திவிடலாம். அதற்கு எந்த அரசாணையும் வேண்டாம். சம்பளம் கேட்டால் என்னிடம் வாருங்கள், காபி தருகிறேன்.

மூன்று. சொந்தக்காரர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை கால்குலேட்டரைத் தொட்டால் "சோம்பேறி" என்று திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து "அமுக்குவதற்கு முன்னால் சுமாராக எவ்வளவு வரும், சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். கேட்கிறவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர், குரும்பூர் பக்கத்தில் இந்த வருடம் பொறியியலோ பாலிடெக்னிக்கோ சேரும் பிள்ளைகள் இருந்தால் ஞாயிறு காலை பத்து மணிக்கு என் வீட்டுக்கு அனுப்புங்கள். வீடு உங்கள் எல்லாருக்கும் தெரியும். கட்டணம் இல்லை. மெஷின் இல்லாத பிள்ளைகளும் வரலாம், என்னிடம் மூன்று இருக்கிறது. மூன்றும் பாகையில்தான் இருக்கின்றன. ஆனாலும் வந்து உட்கார்ந்ததும் சைன் 30 போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவோம்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், குழுவில் வேண்டாம். மதினி, உங்களையும்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்
ஆழ்வார்திருநகரி